குரல் மாறும் வயதில் பாட்டு ஆசிரியரை மாற்றலாமா?

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான ஒரு தாயாரின் கடிதம் என்னை இரண்டு நாள்கள் வேறு வேலை பார்க்க விடவில்லை. எட்டு வயதிலிருந்து ஒரே ஆசிரியரிடம் வாய்ப்பாட்டு கற்றுவரும் தம் மகளுக்கு இப்போது பதினைந்து வயது என்றும், சில மாதங்களாக ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் அவளுடைய தொண்டை கம்மிப்போகிறது என்றும், வேறு ஆசிரியரிடம் சேர்க்கலாமா என்று பேச்செடுத்தாலே, ஏழு வருடம் சொல்லிக் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள் என்றும் அவர் எழுதியிருந்தார். தொடர்ந்து வந்த பதில் கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. ஒரு சாரார் குருபக்தியைப் பற்றி எழுதினார்கள். மறு சாரார், கட்டணம் கட்டிக் கற்கும் இடத்தில் பக்தி எதற்கு என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணின் தொண்டையைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. முப்பது ஆண்டுகளாகக் குரலிசை கற்பித்து வருபவள் என்ற முறையிலும், அதற்கு முன்பு அதே வயதில் அதே கம்மிய தொண்டையோடு தவித்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

என் முதல் ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாளத்தில் அவருக்கு இருந்த பிடிப்பை அதன் பிறகு நான் யாரிடமும் கண்டதில்லை. இன்று நான் கணக்குத் தவறாமல் பாடுகிறேன் என்றால், அது அவர் தம் தொடையில் தட்டித் தட்டி எனக்குள் இறக்கிய கணக்கு. ஆனால் ஒன்பது வயதில் எனக்கு வைத்த ஆறு கட்டைச் சுருதியை (சுருதி என்பது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரம்; கட்டை கூடினால் உயரமும் கூடும்) என் பதினான்காவது வயதிலும் அவர் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. பதின்மூன்று வயதில் என் பேச்சுக் குரல் சற்றுத் தடித்து இறங்கியதை வீட்டில் எல்லோரும் கவனித்தார்கள். பாட்டு வகுப்பில் மட்டும் அது கணக்கில் வரவில்லை. மேல் வரிசை ஏழு சுவரங்களான தார ஸ்தாயியில் பஞ்சமத்தை, அதாவது ‘ப’வை, தொட வேண்டிய இடம் நெருங்கும்போதே என் முகவாய் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். ஒருநாள் வீட்டில் கண்ணாடி முன் நின்று அந்த இடத்தைப் பாடிப் பார்த்தேன். கழுத்தின் இரு பக்கமும் நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. மறுநாள் காலையில் மெல்லிய குரலில் ஒரு வரி பாட வாய் திறந்தால், அரை நொடி வெறும் காற்றுதான் வந்தது. அதன் பிறகே ஒலி வந்து ஒட்டிக்கொண்டது. இன்று புதிதாக யார் வந்து என் முன்னால் உட்கார்ந்தாலும் நான் முதலில் காது கொடுத்துக் கேட்பது அந்த அரை நொடிக் காற்று இருக்கிறதா என்பதைத்தான்.

பரீட்சை என்று சொல்லி வகுப்பை நிறுத்தினேன். பரீட்சை முடிந்தும் போகவில்லை. உடன் கற்ற ஒரு பெண் மூலம் அவர் இரண்டு முறை சொல்லியனுப்பினார். நான் பதில் அனுப்பவில்லை. எட்டு மாதங்கள் பாட்டே இல்லாமல் கழிந்தன. பிறகு ஓர் அம்மையாரிடம் சேர்ந்தேன்; சேர்ந்த முதல் நாளே அவர் சுருதியை ஐந்து கட்டைக்கு இறக்கினார். பதினோரு ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் என் முதல் ஆசிரியரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அருகில் போய் வணங்கினேன். "இப்ப எந்தச் சுருதியில பாடறே?" என்று கேட்டார். "அஞ்சு கட்டை, சார்" என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவே இறக்கியிருக்கலாம். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவர் கவனித்திருக்க வேண்டும் என்பது உண்மை. நான் கேட்டிருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும் துணிச்சலை யாரும் தரவில்லை என்பதை அன்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கட்டை என்ன பெரிய வித்தியாசம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஆறு கட்டைச் சுருதியில் பெண்குரலின் மத்திய ஷட்ஜம், அதாவது நடு ஸ்தாயியின் ‘ஸ’, நொடிக்கு 220 அதிர்வுகள். தார பஞ்சமம் ஏறத்தாழ 660. ஐந்து கட்டையில் அதே பஞ்சமம் 588 அளவில் நின்றுவிடும். அதாவது குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறு மடிப்புகள் ஒரு நொடியில் எழுபது தடவைக்கும் மேல் குறைவாக மோதிக்கொண்டால் போதும். நாம் குரல் நாண் என்று சொல்லும் அந்த மடிப்புகள் வளர்ந்த பெண்ணுக்கே ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான்; ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டரையொட்டி இருக்கும். மத்திய ஷட்ஜத்தை மட்டும் ஒருவர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பிடித்தால்கூட அவை ஏறக்குறைய எட்டு லட்சம் முறை மோதுகின்றன. முறையாக மோதினால் இதை அவை தாங்கும். அதற்காகவே அமைந்தவை அவை. கழுத்துத் தசைகளை இறுக்கி, கீழிருந்து காற்றை முட்டித் தள்ளி மோதவைத்தால் வீங்கும். வீங்கிய விளிம்புகள் சரியாகச் சேராது. சேராத இடைவெளி வழியாகக் காற்று கசியும். நான் முன்பு சொன்ன அரை நொடிக் காற்று அதுதான்.

இதில் வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பதின்ம வயதில் இந்தக் கருவியே மாறிக்கொண்டிருக்கிறது. வீணையோ வயலினோ கற்கும் பிள்ளைக்கு வாத்தியம் அப்படியே இருக்கும், கைதான் வளரும். பாடும் பிள்ளைக்கு வாத்தியமே வளர்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு மகரக்கட்டு என்று நாம் சொல்லும் பருவத்தில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது, பேசும்போதே உடைகிறது, அதனால் அதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பருவத்தில் பாட்டை அறவே நிறுத்திவிடச் சொல்பவர்கள் உண்டு, பழைய சுருதியிலேயே விரட்டுபவர்களும் உண்டு. வசதியாக எட்டும் சில சுவரங்களுக்குள் மென்மையாகப் பாடவிடுவதே நல்லது என்பது என் அனுபவம். பெண்பிள்ளைகளுக்கும் குரல் இறங்குகிறது, ஆனால் இரண்டு மூன்று சுவர அளவுக்குத்தான். அது ஓசையில்லாமல் நடக்கிறது. நேற்றுவரை எட்டிய இடம் இன்று எட்டவில்லை என்றால் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, போதவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். நாண்களுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் முழுமையாக உருப்பெறுவதே பதின்ம வயதின் பின்பாதியில்தான் என்பதை நினைத்தால், பதினான்கு வயதுக் குரலிடம் இருபத்தைந்து வயதுக் குரலின் வேலையை வாங்க யாருக்கும் மனம் வராது.

ஆகவே எட்டு வயதில் மிகப் பொருத்தமாக இருந்த ஆசிரியர் பதினைந்து வயதில் பொருந்தாமல் போவதில் அவருடைய குற்றமோ பிள்ளையின் குற்றமோ இருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. சிறு வயதில் பிள்ளைக்குத் தேவைப்படுவது செவிப்பழக்கம், தாளக் கட்டுப்பாடு, மனப்பாடம், உட்கார்ந்து பழகும் பொறுமை ஆகியவை. இவற்றைத் தரத் தெரிந்த பலருக்குக் குரலின் உடற்கூறு தெரிந்திருக்காது. தெரியாமலேயே அவர்கள் மிக நல்ல அடித்தளம் போட்டுத் தருகிறார்கள். இரண்டும் கைவந்த ஆசிரியர் ஒருவரே கிடைத்துவிட்டால் அது அந்தப் பிள்ளையின் பேறு.

ஆனால் மாறத் துடிக்கும் ஒவ்வொருவரும் மாற வேண்டியவர் என்று நான் சொல்லவில்லை. போட்டியில் பரிசு வரவில்லை, தோழிக்கு என்னைவிட அதிகப் பாட்டு சொல்லிக் கொடுத்துவிட்டார், ஒரே பயிற்சியை மூன்று மாதமாகத் திருப்பித் திருப்பிப் பாடவைக்கிறார் என்ற காரணங்களோடு என்னிடம் வந்தவர்களைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதமாக ஒரே பயிற்சியில் நிறுத்திவைக்கும் ஆசிரியர் பெரும்பாலும் எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்டிப்பும் ஒரு காரணம் ஆகாது. ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் என்று தாவும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். ஐந்து பேரிடம் கற்றதாகச் சொல்வார்கள், ஐந்து பேரின் முதல் மூன்று மாதப் பாடங்கள் மட்டும் அவர்களிடம் இருக்கும்.

எது காரணம் ஆகும்? வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளையின் பேச்சுக் குரலைக் கேளுங்கள். உள்ளே போனபோது இருந்ததைவிட அது கம்மியிருந்தால், ஒரு நாள் அல்ல, வாராவாரம் கம்மியிருந்தால், அங்கே ஏதோ தவறாக நடக்கிறது. நன்றாகப் பாடி முடித்த தொண்டை களைத்திருக்கலாம், வலிக்கக் கூடாது. வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது, வலித்தால்தான் குரல் திறக்கும் என்று பதில் சொல்லும் ஆசிரியரிடம் ஒரு மாதம்கூட இருக்க வேண்டாம் என்பேன். இன்னொரு அறிகுறி இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது: ஆசிரியர் எல்லாவற்றையும் தாம் பாடிக்காட்டியே கற்பிக்கிறார், பிள்ளையைத் தனியாகப் பாடவிட்டுக் கேட்பதே இல்லை. அப்படிப்பட்ட வகுப்பில் பிள்ளை பாட்டைக் கற்பதோடு ஆசிரியரின் குரலையும் சுமந்துகொண்டு வருகிறது. ஐம்பது வயது ஆணின் கனத்தை ஒரு பதினான்கு வயதுப் பெண் தன் தொண்டைக்குள் உண்டாக்கப் பார்ப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நாக்கின் அடியைக் கீழே அமுக்கி அமுக்கி அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். அதைச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் நடத்தை பிள்ளைக்கு அச்சமோ அருவருப்போ தருகிறது என்றால், உடலைத் தொட்டுக் கற்பிக்கிறேன் என்ற பெயரில் எல்லை மீறல் நடக்கிறது என்றால், கீழே நான் விடைபெறும் முறை பற்றிச் சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. அன்றே நிறுத்துங்கள். புகார் செய்ய வேண்டிய இடத்தில் புகார் செய்யுங்கள். அங்கே குரு என்ற சொல்லுக்கே இடம் இல்லை.

ஆசிரியரை மாற்றும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்ற பரிசோதனையில், விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் உதவியால் நாண்களின் அதிர்வை மெதுவாக ஓடும் படம்போலத் திரையில் காண முடியும். காரணம் ஒவ்வாமையாக இருக்கலாம். வயிற்று அமிலம் மேலே ஏறி வருவதாக இருக்கலாம். பள்ளி விளையாட்டுத் திடலில் கத்துவதாகவும் இருக்கலாம். இவற்றுக்குப் பாட்டு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மோதல் அதிகமாக விழும் இடத்தில், அதாவது நாண்களின் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இரு பக்கமும் சிறு முடிச்சுகள் உண்டாகியிருந்தாலும் பதறத் தேவையில்லை. பெரும்பாலும் குரல் பயிற்சியாலும் பழக்கங்களைத் திருத்துவதாலுமே அவை குறைகின்றன; கத்தி வைக்க வேண்டி வருவது குறைவு. ஓய்வு என்றால் உண்மையான ஓய்வு. ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நாள் முழுவதும் கிசுகிசுத்துப் பேசுவது தொண்டைக்கு நன்மை செய்யாது.

பெரியவர்கள் துரோகம் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். கருநாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலில் தம் உறவினரான நாராயணசாமி ஐயரிடம் கற்றார். பிறகு கோட்டுவாத்தியம் சகாராம ராவ், உமையாள்புரம் சுவாமிநாத ஐயர், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் என்று வெவ்வேறு ஆசிரியர்களிடம் பயின்றார். அவர்களுள் ஒருவர் கோட்டுவாத்தியம் என்ற தந்தி வாத்தியத்தின் கலைஞர் என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் வாத்தியக்காரரிடம் கற்றார், யாரும் அதை இழுக்காக நினைக்கவில்லை. செம்மங்குடியின் குரல் இயல்பாகவே இனிமையானதாக அமையவில்லை என்பதும், உழைத்து உழைத்து அதைத் தமக்கு வசப்படுத்தினார் என்பதும் பாட்டு உலகம் அறிந்த செய்தி. அப்படி நாலு பேரிடம் கற்றவரை நன்றி மறந்தவர் என்று யாரும் சொன்னதில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். சுவீடனைச் சேர்ந்த ஜென்னி லிண்ட் சிறுமியாக இருந்தபோதே அரச நாடக அரங்கின் பள்ளியில் சேர்க்கப்பட்டவர். பத்தொன்பது, இருபது வயதுக்குள் மேடையில் பாடிப் பாடிக் குரல் தேய்ந்துபோயிற்று. 1841இல் பாரிசுக்குப் போய் மனுவேல் கார்சியா என்ற ஆசிரியரைப் பார்த்தார். கார்சியா அவருக்கு முதலில் ஒரு பாட்டும் சொல்லித் தரவில்லை. ஆறு வாரம் பாடக் கூடாது, பேச்சையும் இயன்றவரை குறைக்க வேண்டும், அதன் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். அந்த ஆறு வாரத்தை ஜென்னி லிண்ட் காத்தார். திரும்பிப் போய் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அவரிடம் அடியிலிருந்து கற்றார். அதன் பிறகே ஐரோப்பா முழுவதும் அறிந்த பாடகியானார். இதே கார்சியாதான் 1854இல் இரண்டு சிறு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் கொண்டு, பாடும்போது தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தவர். ஒரு பாட்டு ஆசிரியர் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததன் பயனை இன்றைக்கும் மருத்துவர்கள் அனுபவிக்கிறார்கள். அந்த ஆறு வார மௌனத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புதிய மாணவி வந்தவுடன் பாட்டு சொல்லிக் கொடுத்துத் தம் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவது எளிதன்று.

மாறுவது என்று முடிவானால் எப்படி மாறுவது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. நான் செய்ததுபோல் செய்யாதீர்கள். பரீட்சை, உடல்நலம், தூரம் என்று பொய்க் காரணம் சொன்னால், அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகவே அதன் பிறகு ஆசிரியரின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகிறது. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து நேரில் போய், பாதியில் நிற்கும் உருப்படியை, அதாவது கற்றுவரும் பாட்டை, முடித்துக்கொண்டு, கற்றதற்கு நன்றி சொல்லி, இன்ன காரணத்துக்காக இன்னாரிடம் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அவர் வருத்தப்படலாம், கோபப்பட்டு ஒரு சொல் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொண்டு வரலாம். தொலைபேசியில் செய்தி அனுப்பி முடித்துக்கொள்வது வேண்டாம். பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெற்றோர் மட்டும் பேசுவதும் வேண்டாம்; தன் குரலைப் பற்றித் தானே பேசப் பழகும் முதல் இடம் அது.

இரண்டு பேரிடம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் கற்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். இதில் நாணயக் கேட்டைவிடத் தொண்டைக்கு வரும் கேடு பெரிது. ஒருவர் மூச்சை எடுக்கும்போது விலாவை விரித்துவை என்பார்; மற்றவர் வயிற்றை உள்ளே இழுத்துப் பாடு என்பார். ஒருவர் வாயை நன்றாகத் திறக்கச் சொல்வார். மற்றவர் ஒலியை முகத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொல்வார். தனித்தனியாக ஒவ்வொன்றும் ஒரு முறையின் பகுதியாகச் சரியாக இருக்கக்கூடும். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்து காட்ட வேண்டிய பிள்ளை, செவ்வாய்க்கிழமை ஒரு தொண்டையும் சனிக்கிழமை ஒரு தொண்டையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. இரண்டாவது ஆசிரியர் வேண்டுமென்றால் முதல்வருக்குத் தெரிந்தே வேண்டும், யார் எதைக் கற்பிப்பது என்று பேசிக்கொண்டு வேண்டும்.

புதிய ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு நன்றாகப் பாடுகிறார் என்பதைவிட, அவருடைய மாணவர்கள் நாலைந்து பேர் பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஒலித்தால் யோசியுங்கள். அவரவர் குரல் அவரவருக்கு இருந்தால், அந்தப் பிடியும் பாணியும் மட்டும் பொதுவாக இருந்தால், அவர் கேட்கத் தெரிந்தவர். முதல் சந்திப்பில் பிள்ளையிடம் என்ன கேட்கிறார் என்பதும் முக்கியம். காலையில் எழுந்ததும் குரல் எப்படி இருக்கும், எந்த இடத்தில் பிசிறு வருகிறது, மருத்துவரைப் பார்த்தாயா, பள்ளியில் எவ்வளவு பேசுகிறாய் என்றெல்லாம் கேட்பவரிடம் நம்பிச் சேர்க்கலாம். பழைய ஆசிரியரை முதல் நாளே இழித்துப் பேசுபவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆறு மாதத்தில் மேடையேற்றிவிடுகிறேன் என்று சொல்பவரிடம் கொஞ்சமும் வருவதில்லை.

சேர்ந்த பிறகு ஒன்று நடக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. குரல் சிறிது காலத்துக்கு மோசமானதுபோல் தோன்றும். கழுத்தை இறுக்கி எட்டிக்கொண்டிருந்த மேல் சுவரங்கள், இறுக்கத்தை விட்டவுடன் காணாமல் போகும். பத்து நிமிடப் பாட்டைத் தடுமாறாமல் பாடியவள் இப்போது அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்ற ஒலியில், ஐந்து சுவரங்களை நேராகப் பிடிக்க முடியாமல் அழுவாள். நானும் அழுதிருக்கிறேன். என் இரண்டாவது ஆசிரியர் முதல் நான்கு மாதங்கள் எனக்குப் பாட்டே தரவில்லை. மத்திய ஸ்தாயியில் மென்மையான உகாரம், உதட்டைத் துடிக்கவிட்டுப் பாடும் பயிற்சி, மூச்சு விடும் வேகத்தைச் சீராக்குதல், இவ்வளவுதான். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் வாய் திறந்தபோது காற்று வரவில்லை. ஒலி நேராக வந்தது. அந்தக் காலையில் ஓடிப்போய் என் அம்மாவை எழுப்பியது நினைவிருக்கிறது. மூன்று வாரத்தில் முன்னேற்றம் இல்லை என்று பெற்றோர் அலுத்துக்கொண்டிருந்தால் அந்தக் காலை எனக்கு வாய்த்திருக்காது. ஆறு மாதமாவது பொறுத்துப் பாருங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் கம்மலோ வலியோ மட்டும் புதிதாக வரக் கூடாது.

இனி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னிடம் ஆறு ஆண்டுகள் கற்ற ஒரு மாணவி போகிறேன் என்று வந்து நின்ற அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் என்ன குறை வைத்தேன் என்ற கேள்வியைவிட, யார் அவள் மனத்தைக் கலைத்தது என்ற கேள்விதான் முதலில் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பழைய ஒலிப்பதிவுகளை எடுத்து அன்றிரவு அவள் பாடியதைக் கேட்டேன். வரியின் கடைசி எழுத்தில் நான் குரலை லேசாக நழுவவிடுவேன். அது என் மூச்சுக் குறையை மறைக்க நான் பழகிக்கொண்டது. அவளுக்கு மூச்சுக் குறை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் அவள் நழுவவிட்டாள். என் குறையை அழகு என்று நினைத்து எடுத்துக்கொண்டுவிட்டாள், நானும் ஆறு ஆண்டுகள் அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து வேறிடம் போகும் ஒவ்வொருவரிடமும் புதிய ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தனுப்புகிறேன். எந்தச் சுருதியில் பாடிவந்தாள், எப்போது மாற்றினோம், வசதியாக எட்டும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் எவை, கனமான மார்புக் குரலிலிருந்து மெல்லிய தலைக் குரலுக்கு மாறும்போது எந்தச் சுவரத்தில் தடுக்குகிறது, என்னென்ன உருப்படிகள் பாடம், தொண்டைக்கு எப்போது மருத்துவம் பார்த்தது என்று எழுதுவேன். கடைசி வரியில், என்னால் தீர்க்க முடியாமல் போனது இது என்று ஒன்றை எழுதுவேன். அந்த ஒரு வரியை எழுதுவதுதான் கடினம். படிப்பவருக்கு மிகவும் பயன்படுவதும் அதுதான் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் போகும் நோயாளியோடு குறிப்பு போகிறது. பள்ளி மாறும் பிள்ளையோடு சான்றிதழ் போகிறது. ஏழு ஆண்டு வளர்த்த குரல் மட்டும் ஏன் வெறுங்கையோடு, தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும்? பாட்டு கற்பிக்கும் நண்பர்கள் இந்தச் சிறிய வழக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாயாருக்கு: அம்மா, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நாண்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு அடுத்த வகுப்புக்கு மகளோடு நீங்களும் போய், பாடத் தொடங்கும் முன் அவளையே கேட்கச் சொல்லுங்கள்: "இந்தச் சுருதி எனக்குச் சிரமமாக இருக்கிறது, அரைக் கட்டை இறக்கிப் பாடிப் பார்க்கட்டுமா?" என்று. ஏழு ஆண்டுகள் அவளை வளர்த்தவர் ஒருவேளை உடனே இறக்கிவிடுவார். அப்படி இறக்கினால் நீங்கள் எங்கும் போக வேண்டிய தேவையே வராமல் போகலாம். மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இரண்டில் எது நடந்தாலும் இந்த நாளிதழுக்கு ஒரு வரி எழுதுங்கள்; நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
குரலிசை ஆசிரியை ஒருவர்